கைப்பிடியின் அடிப்பக்கம்

பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்ப்பவன் கையில் மரத்தைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. ஓசூரில் பைக் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு கம்பெனியில் பதினேழு வருஷமாகக் கடைசிச் சோதனையில் நிற்கிறேன். பெட்ரோல் டேங்க், மட்கார்டு எல்லாம் அடுப்பில் காய்ந்து, வெள்ளை விளக்குகளுக்குக் கீழே என் முன்னால் வரும். பஞ்சுக் கையுறை போட்டுக்கொண்டு சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன். தூசி, கொப்புளம், வழிசல், கீறல், எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. தப்பாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி வாங்குகிறவர் கண்ணில் நேராகப் படுவது ஏ பக்கம். அங்கே ஊசிமுனை அளவு குறை இருந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும். குனிந்தால் தெரிவது பி பக்கம். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும் என்றால் அது சி பக்கம். சி பக்கத்தில் பெயிண்ட் கொஞ்சம் மெலிந்திருந்தாலும் விட்டுவிடலாம். இதையே பார்த்துப் பார்த்து, வீட்டுக் கதவு, கல்யாண மண்டபத்து நாற்காலி என எதைக் கண்டாலும் மனசு ஏ, பி, சி என்று பிரிக்க ஆரம்பித்துவிடும். சட்டையின் முதுகில் கறை இருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டால், "அது சி பக்கம்தானே, போட்டுட்டுப் போங்க" என்பாள். அந்தக் கிண்டலில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

எங்களுக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். எனக்கு மூத்தவள் ஒரு அக்கா, ஊரில் ஒரு அண்ணன். அக்காவுக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. கல்யாணம் அமையவில்லை. அதைச் சொல்லி யாராவது உச்சுக்கொட்டினால் எழுந்து போய்விடுவாள். ரவிக்கை தைப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. அம்மா போன பிறகு அண்ணன் வீட்டில் அவள் தையல் மெஷினை ஓர் இடம் மாற்றி ஓர் இடம் வைக்கும்படி ஆனது. என்னோடு வந்துவிடு என்று நான்தான் கூப்பிட்டேன். உடனே சரி என்று சொல்லவில்லை.

"வர்றேன்டா. ஆனா எனக்குன்னு ஒரு கதவு வேணும். அந்தச் சாவி எங்கிட்டதான் இருக்கணும்" என்றாள்.

தொரப்பள்ளி போகும் வழியில், புதிதாகப் பிரித்த மனைகளில் ஒன்றில் சின்னதாக வீடு கட்டியிருந்தேன். கீழே எங்களுக்கே கூடமும் ஒரு படுக்கையறையும்தான். மேலே குளியலறையோடு ஓர் அறை இருந்தது. வெளியிலிருந்தே படி. அக்கா மேலே போனாள். சுற்றிலும் லைன் வீடுகள். கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து தங்கியிருந்தார்கள். கன்னடம் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், தர்மபுரிப் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் துணிப்பையோடு எங்கள் படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இடுப்பு, தோள், கை உயரம் எல்லாவற்றுக்கும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வார்த்தை கற்றுக்கொண்டாள் அக்கா. சாவியை ஊக்கில் கோர்த்து முந்தானையில் குத்தியிருப்பாள். அப்படிச் சிரித்துப் பேசுகிற அக்காவை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அவள் படி ஏறுவது பெரிய சிரமமில்லை. இறங்குவதுதான். சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குவாள். உடம்பின் பாரம் முழுக்கக் கைப்பிடியில்தான். முதலில் போட்டிருந்தது இரும்புக் குழாய். வெயில் காலத்து மத்தியானத்தில் அது தொட முடியாமல் சுட்டது. மார்கழிக் காலையில் விரல் மரத்துப்போகும் அளவுக்குச் சில்லிட்டது. விரலை நம்பிப் பிழைக்கிறவள் அவள். மரத்தில் ஒரு கைப்பிடி போட்டுக் கொடேன் என்று கேட்டாள். அவள் என்னிடம் வாய் திறந்து கேட்டது அந்த ஒன்றுதான்.

உத்தனப்பள்ளியிலிருந்து ஒரு ஆசாரியை வரவழைத்தேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என் வயதுதான் இருக்கும். வேப்ப மரத்தில் செய்யலாம் என்றார். நான் அவர் பட்டறையில் சில்வர் ஓக் பலகை ஒன்றைப் பார்த்துவிட்டேன். இந்தப் பக்கம் தோட்டத்து ஓரங்களில் நெட்டையாக நிற்குமே, அந்த மரம். இழைத்த பலகையில் மீன் செதில் போல வரிகள் ஓடின. எனக்கு அதுதான் வேண்டும் என்றேன். அது வெயிலுக்கும் மழைக்கும் நிற்காது என்று அவர் தயங்கினார். அதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், பொருத்துவதற்கு முன்னால் அறுத்த முனைகளிலும் அடியிலும் முதல் பூச்சான பிரைமரை நன்றாகக் குடிக்க விட்டு, மேலே நிறம் கலந்த பெயிண்ட் அடிக்க வேண்டும். இல்லையென்றால் மரத்துக்கான எண்ணெயை மழைக்கு முன்னால் வருஷா வருஷம் பூச வேண்டும் என்றார்.

பெயிண்டைப் பற்றி எனக்கே பாடமா என்று சிரித்தேன். மரம் அவர் வேலை, பூச்சு என் வேலை என்று அவரை அனுப்பிவிட்டேன். எனக்கு அப்போது தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

கைப்பிடியைப் பொருத்திய பிறகுதான் பூசினேன். கடையில் போய் வண்டிகளுக்கு அடிக்கும் கண்ணாடி போன்ற கிளியர் வாங்கினேன். டின்னிலேயே போட்டிருந்தது, சூரியனின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் என்று. அது போதாதா? ஒவ்வொரு கோட் பூச்சுக்கும் நடுவே மெல்லிய உப்புத்தாளில் நீர் விட்டுத் தேய்த்து, தூசி ஒட்டாமல் படியைச் சுற்றி ஈரத் துணி கட்டி, ஐந்து கோட் அடித்தேன். மேல்பக்கம், இரண்டு விலாப்பக்கம். அடிப்பக்கத்தில் பெயருக்கு ஒரு இழுப்பு. இணைப்புகளில், அறுத்த முனை உள்ளே போய் மறைகிற இடத்தில், ஒன்றுமே இல்லை. யார் பார்க்கப் போகிறார்கள்? அது சி பக்கம்.

பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கம்பெனி நண்பர்கள் வந்தால் முதலில் படிப் பக்கம்தான் கூட்டிப்போவேன். கைப்பிடியில் முகம் தெரிந்தது. அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "தொடவே கூசுதுடா, புது டேங்க் மாதிரி இருக்கு" என்றாள். மூன்று மழைக்காலம் போயிற்று. பூச்சு மஞ்சளாகவில்லை, மங்கவில்லை. ஆசாரியை ஒருமுறை சூளகிரி பஸ்ஸில் பார்த்தபோது, வந்து பாருங்கள் என் கைப்பிடியை என்று மார்தட்டிக்கொண்டேன். அவர் சந்தோஷம் சார் என்றார்.

நான் பார்த்தது மேலே. அக்கா பிடித்தது அடியில். கைப்பிடியைப் பிடிக்கிறவரின் விரல்கள் நாலும் அடியில்தானே போய் மடங்குகின்றன? இந்தச் சின்ன விஷயம் எனக்கு மூன்று வருஷம் உறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பைக் கழுவிக்கொண்டிருந்தபோது படியிலிருந்து கூப்பிட்டாள்.

"டே, இங்க அடியில ஒரு எடம் மெத்துமெத்துன்னு இருக்குடா. வந்து பாரேன்."

போனேன். செல்போன் விளக்கை அடித்து, கம்பெனியில் பார்ப்பது போலச் சாய்வாகப் பார்த்தேன். கொப்புளம் இல்லை. உரியவில்லை. இரண்டு கட்டைகள் சேரும் இடத்தில் மட்டும் முடியிழை போல ஒரு விரிசல். வேலையில் சி பக்கத்தில் அதைக் கண்டால் விட்டுவிடுகிற ரகம். விரலால் தட்டினேன், கெட்டியாகத்தான் கேட்டது. அடியில் கைவிட்டுப் பார்க்கவில்லை. அவள் என் கையைப் பிடித்து அங்கே தொட்டுக் காட்ட வந்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஒரு ஷிப்டுக்கு எத்தனை டேங்க் என் கண்ணைத் தாண்டிப் போகிறது தெரியுமா, எனக்கென்ன கண் அவிந்துபோய்விட்டதா, ஊசி நூலோடு உட்கார்ந்திருக்கிறவள் பெயிண்டைப் பற்றிப் பேசாதே என்று படபடவெனக் கொட்டினேன். கீழே இரண்டு பெண்கள் ரவிக்கைத் துணியோடு நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரில் சொன்னேன்.

 மறுநாள் பார்த்தால், அந்த இடத்தில் அக்கா சிவப்பு லைனிங் துணியைக் கிழித்துச் சுற்றிக் கட்டியிருந்தாள். இருட்டிலும் கைக்குத் தட்டுப்பட வேண்டும், அந்த இடத்தைத் தாண்டிப் பிடிக்க வேண்டும் என்பதற்காகக் கட்டிய அடையாளம் அது. எனக்கு அது தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய்.

ஆயுத பூஜை வந்தது. ஓசூரில் ஆயுத பூஜை என்றால் கம்பெனியில் லேத்துக்கும் பொரி, பொட்டு. வீட்டில் பைக்குக்கும் மிக்ஸிக்கும் பொட்டு. கம்பெனியில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் பூஜை முடிந்து வீட்டுக்கு வருவதாக இருந்தார்கள். காலையிலேயே வீட்டைக் கழுவி, அக்காவின் மெஷினுக்குச் சந்தனம் வைத்து, படிக்கு வந்தேன். பளபளவென்று மின்னுகிற கைப்பிடியில் அழுக்கேறிய அந்தச் சிவப்புத் துணி. புண்ணுக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. வருகிறவன் என்னவென்று கேட்பான். பிளேடால் அறுத்து எடுத்துவிட்டேன். கைப்பிடிக்கு வரிசையாகச் சந்தனப் பொட்டு வைத்தேன். அந்தத் துணியால் பைக் சங்கிலியைத் துடைத்துத் தூக்கிப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, நான் மத்தியான ஷிப்டில் இருந்தபோது மனைவி போன் செய்தாள். அந்தி நேரத்துத் தூறலில், தைத்து முடித்த ரவிக்கைகளைக் கழுத்தில் தொங்கும் பையில் போட்டுக்கொண்டு அக்கா இறங்கியிருக்கிறாள். கை துணியைத் தேடியிருக்க வேண்டும். துணி இல்லை. இணைப்பு விட்டுக் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அஞ்சாவது படியிலிருந்து தரைக்கு. வலது இடுப்பில் எலும்பு முறிவு. நல்ல கால் பக்கம்.

கம்பெனி உடையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலைச் சுற்றி மனைவி, மாமியார், லைன் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். எப்படி விழுந்தீர்கள் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"ஈரம்ல, கால் வழுக்கிருச்சு" என்றாள்.

அவள் விழுந்த வேகத்தில்தான் கைப்பிடி உடைந்தது என்று மனைவி தானாகவே முடிவு செய்துகொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. தைரியமாக இரு என்று அக்காவின் கையைப் பிடித்தேன். த்தூ, இப்போது நினைத்தாலும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

மறுநாள் எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் ஆசாரியை வரவழைத்தேன். உடைந்த கட்டையைத் திருப்பிப் போட்டார். அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். டீயில் நனைத்த ரஸ்க் போல விரல் உள்ளே போனது. உள்ளே கறுத்து, ஈரமாக, காளான் வாடை. அறுத்த முனை வழியாக மரம் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஐந்து கோட் பூச்சு அதை வெளியே விடவில்லை. திருப்பி நிமிர்த்தி வைத்தார். மேலே அப்போதும் முகம் தெரிந்தது.

"மேல பூசுனது நல்லாத்தான் நிக்குது சார். மரம்தான் தாங்கல" என்றார்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அந்தக் கட்டைகளை அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய் எரித்துவிடுங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். மனைவி வீடு திரும்புவதற்குள் அந்த இடத்தில் பழைய இரும்புக் குழாய் வந்துவிட்டது.

எலும்பில் பிளேட் வைத்தார்கள். ஆறு மாதத்தில் பிடித்துக்கொண்டு படி ஏறி இறங்கலாம், பழகினால்தான் கால் நிற்கும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் வீட்டில் வேறு மாதிரி பேச்சு நடந்தது. அந்தக் காலை வைத்துக்கொண்டு மாடி எதற்கு என்று ஊரிலிருந்து அண்ணன் போனில் சத்தம் போட்டார். என் மனைவி கெட்டவள் இல்லை, பயந்துபோயிருந்தாள். இன்னொரு தடவை வழுக்கினால் யார் பதில் சொல்வது, கீழேயே இருங்கள் மதினி என்றாள். எல்லோரும் அந்தக் காலைத்தான் பேசினார்கள். கால் வழுக்கவில்லை, கைப்பிடிதான் உளுத்திருந்தது, அவள் சொல்லியும் நான் கேட்கவில்லை, அவள் கட்டிய துணியையும் நானே அறுத்தேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். கைப்பிடிதான் மாறிவிட்டதே என்று அவளை மேலே ஏற்றிவிட்டிருப்பார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், அந்தக் கால் நம்ப முடியாத கால்தான் என்று ஆட்டினேன்.

அக்கா முந்தானையிலிருந்து ஊக்கைக் கழற்றிச் சாவியை என் மனைவியிடம் கொடுத்தாள். வேலைக்குப் போகும் பெண்கள் இரண்டு பேர் மேலறைக்குக் குடிவந்தார்கள்.

கீழே கூடத்தில் டிவி இருக்கிறது, மகள் படிக்கிறாள், மாமியார் வந்தால் அங்கேதான் படுப்பார். மெஷினின் சத்தம் எல்லோருக்கும் இடைஞ்சல் என்று அக்காவே நினைத்துக்கொண்டு, நாங்கள் வெளியே போகும் நேரம் பார்த்துத் தைப்பாள். ஞாயிற்றுக்கிழமை வரிசை தானாகவே நின்றுபோனது. இன்னொருவர் வீட்டுக் கூடத்துக்குள் வந்து அளவு கொடுக்க எந்தப் பெண் வருவாள்? தெலுங்கு, கன்னடம் எல்லாம் அவள் வாயிலிருந்து போய்விட்டன.

நான் என்ன செய்தேன்? மரத்தைப் பற்றிப் படித்தேன். கேட்கவே சிரிப்பு வரும். சில்வர் ஓக், வேம்பு, தேக்கு என்று துண்டுகள் அறுத்து, விதவிதமாகப் பூசி, மொட்டை மாடியில் வரிசையாக வைத்தேன். ஒரு வருஷத்துக்கும் மேல் அவற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் டேங்கில் பெயிண்டுக்கு அடியில் இருப்பது தகடு. அது தண்ணீர் குடிக்காது, மழையில் ஊதி வெயிலில் சுருங்காது. மரம் இரண்டையும் செய்யும். கெட்டியான கிளியர் அதோடு நெளிய முடியாமல் விரிசல் விடும். போதாததற்கு வெயில் கண்ணாடி போன்ற பூச்சைத் தாண்டிப் போய் மரத்தின் தோலைச் சுடும். தோல் கெட்டால் பூச்சுக்குப் பிடிமானம் போய்விடும். நிறம் கலந்த பூச்சுதான் மரத்துக்குக் குடை. ஆசாரி ஒரு நிமிஷத்தில் சொன்னதை இத்தனை பாடுபட்டுக் கண்டுபிடித்தேன்.

இந்த வருஷம் மேலே இருந்த பெண்கள் காலி செய்தார்கள். நான் யாரையும் குடிவைக்கவில்லை. அதே ஆசாரியை அழைத்து வேப்ப மரத்தில் கைப்பிடி செய்யச் சொன்னேன். பொருத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு அறுத்த முனையையும் பூச்சில் முக்கி நிறுத்தினேன். அடிப்பக்கத்துக்குத்தான் முதல் கோட். புற ஊதாக் கதிரைத் தாங்குகிற, காவி நிறம் கலந்த மர எண்ணெய். மின்னாது. முகம் தெரியாது. நண்பன் ஒருவன் பார்த்துவிட்டு, என்னடா கிளியர் அடிக்க மறந்துவிட்டாயா என்று கேட்டான்.

ஒரு காலை, மனைவியும் மகளும் வெளியே போயிருந்தபோது அக்காவைக் கூப்பிட்டேன். மேலறையைக் கழுவி வைத்திருக்கிறேன், மெஷினை ஏற்றிவிடலாம், வந்து பார் என்றேன். அவள் கைப்பிடியைத் தொடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். இரண்டு வருஷம் ஏறாத கால். நாலு படிக்கே மூச்சு வாங்கியது, வலது தொடை நடுங்கியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மேலே இன்னும் பதினொரு படி இருந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தோம்.

உட்கார்ந்தபடியே கையை நீட்டிக் கைப்பிடியின் அடியில் விரலால் தடவிப் பார்த்தாள். ஓர் இணைப்பு விடாமல் எட்டுகிற மட்டும் தடவினாள்.

"அடியிலயும் பூசியிருக்கியேடா" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். கட்டை உள்ளே எப்படி இருந்தது, அதை யார் கண்ணிலும் படாமல் எரிக்கச் சொன்னது, எல்லோரும் அவள் காலைக் குறை சொன்னபோது நான் தலையாட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன். மதியம் வீட்டில் எல்லோரிடமும் சொல்லப் போகிறேன் என்றேன். அழுதேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். துணியை நான்தான் அறுத்தேன் என்றபோது, தெரியும் என்பதுபோலத் தலையசைத்தாள்.

"நான் வழுக்கிருச்சுன்னது ஒம் பொண்டாட்டி, மாமியா முன்னாடி ஒன்னய விட்டுக்குடுக்கக் கூடாதுன்னுதான். அவங்க போனப்புறம் நீயே சொல்லுவேன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரில இருந்த அத்தன நாளும் ஓம் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்டா" என்றாள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அப்பச் சொல்லியிருந்தா ஏறியிருப்பேன்" என்றாள். பிறகு, இறங்க வேண்டும், கையைக் கொடு என்று என்னிடம் கேட்டாள்.